மூணு அலையும் ஒரு வட்டமும்

திங்கட்கிழமையிலிருந்து மண் அள்ளுகிற அந்தப் பாண்டுச் சட்டி மேட்டில் கவிழ்ந்து கிடந்தது. மேலே இரண்டு கல். சட்டி வெள்ளையன் வீட்டுச் சட்டிதான். காட்டு ஆபீஸ் வாட்ச்சர் வந்து, "ஆத்தா, ஒரு சட்டி குடுங்க, தூறல் போடற மாதிரி இருக்குது" என்று கேட்டபோது வெள்ளையனின் பெண்டாட்டி கண்ணாயி யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். எதற்கென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்.

சட்டிக்கு அடியில் இருந்தது ஒரு காலடித் தடம். கோழிக்குஞ்சைக் கவிழ்த்து வைத்து வெள்ளையன் பார்த்திருக்கிறார். காலடியைக் கவிழ்த்து வைத்துக் காவல் காப்பதை இந்த எழுபது வயதில் இப்போதுதான் பார்க்கிறார்.

காலடிக்கு ஒரு எட்டு தள்ளி அடிக்கட்டை. சந்தன மரம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு, பாதிப் பேர் கோயிலுக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் சந்தைக்குப் போயிருந்தார்கள். பட்டப்பகலில் எவனோ ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டு போய்விட்டான். மரம் இருந்தது காட்டு ஆபீஸ் எல்லையில். அதற்குக் கீழே வெள்ளையனின் ஒன்றரை ஏக்கர். நடுவில் வேலிகூடக் கிடையாது, ஒரு பலா மரமும் நாலு பாறையும்தான். மரம் போன அன்றிலிருந்து வெள்ளையனுக்குச் சோறு இறங்கவில்லை. மேலே இருப்பதை எடுத்தவன் கீழே இருப்பவன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

புதன்கிழமை காலையில் வெள்ளையன் நாகலூரில் பிரபாகரின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஏற்காட்டு பஸ் வந்து நின்றது. எஸ்டேட் ரைட்டர் ஆசிர் இறங்கினார். இறங்கும்போதே பேசிக்கொண்டுதான் இறங்கினார்.

"கண்டுபுடிச்சுட்டாங்கப்பா! ஸ்டெப்ரான்!"

"அது யாருங்க? நம்ம பக்கத்துப் பேரு மாதிரி இல்லியே" என்றான் மிளகு பறிக்க மரம் ஏறுகிற தங்கராஜ்.

"ஆளு இல்லடா, கம்பெனி. ஷூ கம்பெனி. அந்தத் தடத்தை போட்டோ புடிச்சு, நம்ம பாரஸ்டர் தமிழ்செல்வன் இருக்காரில்ல, அவரு நேரா பஜாருக்குப் போயி தேவசிகாமணி அண்ணன் கடைல காட்டிருக்காரு. அவரு கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டு ஒரே பார்வை. நடுவுல மூணு அலை, குதிங்கால்ல ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள கம்பெனி எழுத்து. ஸ்டெப்ரான். எட்டாம் நம்பர். ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்த சரக்கு, இப்ப வர்றதில்லன்னுட்டாரு."

"ஆத்தாடி. கைரேகை பாக்கறவன்கூட இத்தன சொல்ல மாட்டானுங்க."

"இனி எட்டாம் நம்பர் காரனெல்லாம் ஒழுங்கா வந்து நிக்க வேண்டியதுதான்" என்றார் ஆசிர்.

சொன்னதுதான் தாமதம், பெஞ்சில் இருந்தவன் எல்லாம் காலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அடியைப் பார்த்தான். மாடு லாடம் அடிக்கிற இடம் மாதிரி ஆகிவிட்டது கடை.

"ஏனுங்க ரைட்டரே, எனக்கு இந்தக் கால் ஒரு கம்பெனி, அந்தக் கால் ஒரு கம்பெனி. ரெண்டு கேசாப் போடுவாங்களா?" என்றார் பிரபாகர், டீ ஆற்றுவதை நிறுத்தாமல்.

"உன்ன எவன் புடிக்கறான். உன் டீயக் குடிச்சவன் மரம் வெட்டற அளவுக்குத் தெம்பா இருப்பானா?"

தங்கராஜ் வெள்ளையனின் காலைக் காட்டினான். "வெள்ளையண்ணனப் பாருங்க. அவருக்கு ஒரு பயமும் இல்ல. அவரு கால்ல இருக்கற கம்பெனி அவங்கப்பன் ஆத்தாதான். எந்தக் கடைலயும் கெடைக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளையன் செருப்பே போட்டதில்லை. விரல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கைப் பார்க்கும், பலாவேர் மாதிரி அகன்ற கால். அதைச் சொல்லிச் சிரிப்பது ஊரில் வழக்கம், அவரும் கூடச் சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கிய அட்டியின் மேல் ஒரு ஜோடி ஷூ குப்புறக் காய்ந்துகொண்டிருந்ததைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். மகன் விஜயகுமாரின் பழைய ஷூ. தீபாவளிக்குப் புதுசு வாங்கிவிட்டான். பழசின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அலை அலையாக என்னவோ இருந்தது. எத்தனை அலை?

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னண்ணா, பாதில?"

"பன்னி எறங்கிரும், காட்டப் பாக்கோணும்."

வெள்ளக்கடைப் பக்கம் போகிற ரோட்டை விட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தார். சில்வர் ஓக் உயரத்துக்குப் பனி நின்றது. பழம் சிவந்து கொத்துக்கொத்தாகத் தொங்குகிற காலம். எஸ்டேட்டில் பழத்தை உரிக்கிற பல்பர் ரிப்பேர் என்று அன்றைக்குப் பறிப்பு இல்லை, எங்கேயும் ஆள் சத்தம் இல்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. அது நடக்கிறவன் மூச்சாக இல்லை, துரத்தப்படுகிறவன் மூச்சாக இருந்தது.

காக்கிச் சட்டை என்றால் அவருக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிடும். நாற்பது வருசம் இருக்கும், ஏதோ கேட்க வேண்டும் என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினோராம் நாள் திரும்பி வந்தான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னான் என்று கடைசிவரை அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து காப்பிச் செடிக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். சாகிறவரைக்கும் அப்படித்தான். கூப்பிட்டுப் பார்த்தால் உள்ளேயிருந்து, "போயிருச்சா?" என்று மட்டும் கேட்பான்.

வீட்டில் யாரும் இல்லை. கண்ணாயியும் மருமகள் சுஜாதாவும் ரேசன் கடைக்குப் போயிருந்தார்கள். விஜயகுமார் எஸ்டேட் ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தான். வெள்ளையன் விறகு அட்டிக்குப் போய் ஷூவைக் கையில் எடுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. விரலை வைத்து எண்ணினார். மூணு அலை. குதிங்காலில் வட்டம். வட்டத்துக்குள் எழுத்து. அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எழுத்து இருக்கிறது என்று தெரிந்தது. அலைகளுக்கு இடையில் மண் அப்பியிருந்தது. கிள்ளிப் பார்த்தார். வீட்டைச் சுற்றி இருப்பது செம்மண். எஸ்டேட் மண்ணும் செம்மண். இது கறுப்பு மண், இலை மக்கிய மண். மேட்டில், அந்த மரத்தடியில் இருக்கிற மண்.

உள்ளே கையை விட்டார். முன்பக்கம் துணி திணித்திருந்தது. நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட கந்தல். இதை எதற்குத் திணித்தான்? நடந்தால் சத்தம் வராமல் இருக்கவா? காலின் அளவை மாற்றிக் காட்டவா? படித்தவன், எதையும் யோசித்துத்தான் செய்திருப்பான். போன மாசம் இரண்டு ராத்திரி வராமல் இருந்தானே. சேலத்தில் வண்டி நின்றுபோச்சு என்றானே. நின்றது வண்டிதானா?

மகனிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் இல்லை என்பான். இல்லை என்றால் நம்ப வேண்டும். நம்பி என்ன ஆகப்போகிறது?

வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்தார். இரண்டு ஷூவையும் துணியோடு உள்ளே தள்ளினார். முதலில் கயிறு எரிந்தது, பிறகு தோல் சுருங்கிற்று, பிறகு அடிப்பாகம் கொதித்துக் கறுப்பாக ஒழுகிற்று. நாற்றம் மலை முழுக்கப் போவது மாதிரி இருந்தது. உண்ணிச் செடியின் பச்சைத் தழையை ஒடித்துப் போட்டு மூடினார், புகை இன்னும் ஜாஸ்தியாயிற்று. இருமிக்கொண்டே நின்று பார்த்தார். கடைசியில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு உருண்டை கல்லோடு ஒட்டி நின்றது. எடுக்க வரவில்லை. சாம்பலைப் போட்டு மூடினார்.

அது போதவில்லை. சட்டிக்கு அடியில் ஒரு தடம்தான். சட்டிக்கு வெளியே?

ஆட்டை அவிழ்த்துக்கொண்டு, மேய்க்கப் போகிறவர் மாதிரி மேட்டுக்குப் போனார். வாட்ச்சர் ரோட்டுப் பக்கம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைத் தூறலில் பாதி கரைந்திருந்தாலும் தடங்கள் இருந்தன. மரத்தடியிலிருந்து பலா மரம் வரைக்கும். அங்கங்கே அலை, அங்கங்கே வட்டம். காட்டெருமைத் தடத்தைப் பார்த்து அது சினையா இல்லையா என்று சொல்கிறவர் வெள்ளையன். பன்றி போனது ராத்திரியா விடியலிலா என்று சொல்லுவார். அன்றைக்கு ஒரு தடத்தையும் அவர் படிக்கவில்லை. அலையைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், கண் அதற்கு மேல் போகவில்லை. தழையை இடுப்பளவு ஒடித்து, குனிந்தபடியே பலா மரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். அங்கிருந்து வீட்டு வாசல் வரைக்கும் இழுத்தார்.

சாயங்காலம் கண்ணாயி களி கிண்டினாள். கொள்ளு ரசம் கொதித்தது. பின்பக்கம் சுஜாதா விறகு அட்டியைச் சுற்றிச் சுற்றி வருவது தெரிந்தது. தை மாசம் வந்தால்தான் கல்யாணமாகி ஒரு வருசம். கருமந்துறைப் பெண். மாமனார் இருக்கிற பக்கம் வரமாட்டாள், வந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவாள். அவரும் அவளை நேருக்கு நேர் பார்த்ததில்லை. அது அப்படித்தான்.

"என்ன கண்ணு தேடற?" என்றாள் கண்ணாயி.

"ஷூவுங்கத்த. இங்கதான காயப் போட்டிருந்தேன்."

"நாயி தூக்கிட்டுப் போயிருக்கும். இந்த மணிப்பயல என்ன பண்றதுன்னே தெரியல. போன வாரம் என் முக்காட்டுத் துணியத் தூக்கிட்டுப் போயி பள்ளத்துல போட்டுட்டான்."

நாய் தன் பேரைக் கேட்டு வாலை ஆட்டியது. வெள்ளையன் நாயைப் பார்க்கவில்லை. மகன்தான் தேடச் சொல்லியிருக்கிறான், வேறென்ன. ஷூவை ஒளிக்கச் சொல்லிப் பெண்டாட்டியை ஏவியிருக்கிறான். அவளுக்கும் தெரியும். அப்படியானால் தெரியாதவன் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான். களி உருண்டை கையிலேயே ஆறிற்று.

விஜயகுமார் வந்து காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவன் முகமும் சரியில்லை.

"கீழ செக்போஸ்ட்ல நிறுத்தி ஒரு மணி நேரம் கேட்டாங்கப்பா. எட்டாம் நம்பர் போடறவனான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்றது?"

"ஆமான்னியா?"

"எட்டுன்னா எட்டுதானுங்களே. கால வெட்டியா குடுக்க முடியும்?"

வெள்ளையன் தட்டைத் தள்ளினார். "நாளைக்கே உங்கக்கா ஊட்டுக்குப் போ. ஒரு மாசம் இருந்துட்டு வா."

"எதுக்குங்கப்பா?"

"சொன்னா போ."

"பறிப்பு நேரத்துல வண்டிய உட்டுட்டா? எஸ்டேட்ல அப்புறம் சேத்துக்க மாட்டாங்க. எதுக்குன்னு சொல்லுங்க, போறேன்."

வெள்ளையன் எழுந்து கை கழுவப் போனார். மகன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரசம் ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நாலு பேர் நடந்து வந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் வெள்ளையனின் கால் தானாகக் காப்பிச் செடிப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. பிறகுதான் நின்றார்.

முன்னால் வந்தவர் பாரஸ்டர் தமிழ்செல்வன். முப்பத்தைந்து வயசு இருக்கும். கத்தவில்லை, அதட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருந்தார்.

"பெரியவரே, மேல மரத்தடில யாரோ தழையால கூட்டியிருக்காங்க. பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"நல்லா சுத்தமா கூட்டியிருக்காங்க. மரத்தடில ஆரம்பிச்சு, பலா மரம் வந்து, அங்கேருந்து," அவர் குனிந்து வாசலைத் தொட்டார், "இங்க வந்து நிக்குது. நாங்க வழி கேக்கவே இல்ல. அதப் புடிச்சுட்டே வந்துட்டோம்."

வெள்ளையன் தரையைப் பார்த்தார். தழை இழுத்த கோடு மேட்டிலிருந்து வாசல்வரை, பாம்பு போன மாதிரி தெளிவாகக் கிடந்தது. பன்றியின் தடத்தை அறுபது வருசம் படித்தவனுக்குத் தன் தடம் தெரியவில்லை.

"இந்த ஊட்டுல ஸ்டெப்ரான் ஷூ, எட்டாம் நம்பர், யாருக்கு?"

"எனக்குத்தானுங்க" என்றான் விஜயகுமார். "பழசுங்க. தீவாளிக்கு வேற வாங்கிட்டேன்."

"பழசக் கொண்டா பாப்பம்."

விஜயகுமார் சுஜாதாவைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள், "நேத்திலருந்து காணமுங்க. நாயி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு அத்தை சொன்னாங்க."

"ரெண்டையுமா? ஒரு நாயி?" தமிழ்செல்வன் நாயைப் பார்த்தார். "கம்பெனி பேரு ஊருக்குத் தெரிஞ்சது நேத்துக் காலைல. தடத்தக் கூட்டினது நேத்து. ஷூ காணாமப் போனதும் நேத்து. தம்பி, வண்டில ஏறு. ஆபீஸ்ல உக்காந்து பேசிக்கலாம்."

கண்ணாயி ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "சாமி, எம்பையன் அப்படிப்பட்டவன் இல்ல சாமி. ஏனுங்க, நீங்க நிக்கறீங்களே, ஒரு வார்த்த சொல்லுங்க!"

வெள்ளையனுக்கு அண்ணனின் குரல் காப்பிக்குள்ளிருந்து கேட்பது மாதிரி இருந்தது. போயிருச்சா?

"அதப் போடறது அவரில்லீங்க."

கதவு திறந்தது. சுஜாதா முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மாமனார் இருக்கும்போது அவள் வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை.

"நானுங்க. பறிப்புக்குப் போறப்ப அட்டை கடிக்குது, முள்ளுங்க. எல்லாப் பொம்பளைகளும் ஆம்பளைங்க பழைய ஷூ, பழைய சட்டைதானுங்க போட்டுக்கறாங்க. இவருதத்தான் நான் போட்டுக்கறேன்."

"எட்டாம் நம்பரா? உங்களுக்கா?"

"பெருசுதானுங்க. துணி திணிச்சுப் போட்டுக்குவேன். என் பழைய சீலைத் துணி."

நீலத்தில் மஞ்சள் பூ. வெள்ளையன் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இதப் பத்தி ஊட்டுல தெரியாதா?"

"அத்தைக்குத் தெரியுங்க. மாமாவுக்குத் தெரியாதுங்க." அவள் தலையைக் குனிந்தாள். "எங்களுக்குள்ள மாமனார் முன்னால மருமக கால்ல எதும் போடக்கூடாதுங்க. பைல வெச்சு எடுத்துட்டுப் போயி பலா மரத்துகிட்ட உக்காந்து போட்டுக்குவேன். வர்றப்ப அங்கியே கழட்டிருவேன்."

"சரி. மரத்தடிக்கு எதுக்குப் போனீங்க?"

"அங்கதாங்க டவர் கெடைக்கும். சனிக்கிழமை பறிப்பு முடிஞ்சு வர்றப்ப எங்கம்மாகிட்ட பேசினேன். அவங்களுக்குச் சேலத்துல ஆப்பரேசன் பண்ணியிருந்துது."

"அப்படியே வெச்சுக்குவோம். சொல்றவங்க எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க." தமிழ்செல்வன் பெட்டியைத் திறந்தார். அதே ஷூ. புதுசு. "தேவசிகாமணி கடைல விக்காமக் கெடந்த கடைசி ஜோடி. மேட்டுக்கு வாங்க. இதப் போட்டு நடந்து காட்டுங்க."

மேட்டில் காற்று அடித்தது. சட்டிக்குப் பக்கத்தில் ஈரமண்ணாக ஒரு இடம் பார்த்து ஷூவை வைத்தார்கள். சுஜாதா அதன் முன்னால் நின்றாள். எடுக்கவில்லை. ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளையனின் பக்கம் பார்க்காமல் பார்த்தாள்.

"என்னங்கம்மா? போட வராதா? அப்ப உங்களுது இல்லியா?"

விஜயகுமார், "போடு சுஜா" என்றான். அவள் அசையவில்லை. தமிழ்செல்வன் வாட்ச்சரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் வெள்ளையனுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் யாராவது ஒருத்தர் ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு ஷூவிலும் ஒவ்வொரு துண்டைத் திணித்தார். கை விட்டு அழுத்திப் பார்த்தார். பிறகு இரண்டையும் ஜோடியாக மருமகளின் கால் முன்னால் வைத்தார்.

"போட்டுக்க கண்ணு."

"மாமா..."

"நாஞ்சொல்றேன். போட்டுக்க சாமி. அன்னிக்கு எப்படி நடந்தியோ அப்படி நட."

அவள் அழுதுகொண்டே போட்டாள். போன் காதில் இருக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு போவாள், திரும்புவாள், நாலு எட்டு வருவாள். வெள்ளையன் எழுந்திருக்கவில்லை. தரையோடு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூணு அலையும் வட்டமும் இப்போது அவர் கண்ணில் படவில்லை. அவள் வைத்த புதுத் தடத்தில் முன்பக்கம், விரல் எட்டாத இடம், ஆழமில்லாமல் லேசாக இருந்தது. குதிங்கால் இழுத்திருந்தது.

"சட்டிய எடுங்க சார்."

சட்டியை எடுத்தார்கள். மூணு நாளாக மூடியிருந்த தடம் நேற்று வைத்தது மாதிரி இருந்தது. விரல் பக்கம் லேசு. குதிங்கால் இழுவை. வெள்ளையன் கிட்டத்தில் போய் மூக்கைத் தரையில் வைக்கிற மாதிரி குனிந்தார். ஒரு விரலைத் தடத்துக்கு மேல் நீட்டினார்.

"என்ன பெரியவரே?"

"சார், இந்தப் பள்ளத்துக்குள்ள மஞ்சளாக் கெடக்குதே, இதென்ன?"

தமிழ்செல்வன் குனிந்தார்.

"ரம்பத்தூளுங்க" என்றார் வெள்ளையன். "மோந்து பாருங்க, வாசன போகல. தடத்துக்கு மேல தூள் கெடக்குது. தூள மிதிச்ச தடம் இல்ல. மிதிச்சிருந்தா தூள் மண்ணுக்குள்ள போயிருக்கும். இவ நின்னுட்டுப் போனதுக்கு அப்புறம் வந்துதான் அறுத்திருக்கறான். உங்களுக்கு வேற தடம் கெடைக்கலீன்னா, வந்தவன் பாறை மேலயே வந்து, பாறை மேலயே போயிட்டான். அவனுக்கு மண்ணுல கால் வெக்கக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்குது. எம்மருமவளுக்குத் தெரியல. திருடறவளா இருந்தா தெரிஞ்சிருக்கும்."

தமிழ்செல்வன் போனை எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பல போட்டோ எடுத்தார். "நாங்க எல்லாம் கம்பெனியத்தான் பாத்துட்டிருந்தோம்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு சுஜாதாவின் போனை வாங்கிப் பார்த்தார். சனிக்கிழமை, அஞ்சு நாற்பது, முப்பத்தெட்டு நிமிசம். எழுதிக்கொண்டார்.

"சரி. இது வேவு பாக்க வந்த வேற ஆளோட தடம்னு மேல இருக்கறவங்க சொல்வாங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னா அந்த ஷூ வேணும். துணி திணிச்ச அந்த ஷூ. அது இருந்தா இன்னிக்கே முடிஞ்சிரும். எங்க அது?"

வெள்ளையன் நிமிர்ந்தார்.

"நாந்தானுங்க எரிச்சேன்" என்றார் வெள்ளையன்.

"என்னது?"

"வெந்நி அடுப்புல. உருண்ட ஒண்ணு கல்லோட ஒட்டிட்டுக் கெடக்குது. தழையால கூட்டினதும் நாந்தான்."

"ஏன்யா?"

"பயங்க."

கண்ணாயி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதுங்களா? பொம்பளைகிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு இருந்துட்டீங்களே!"

விஜயகுமார் அழவில்லை. அப்பனை நேராகப் பார்த்தான். "அப்ப, நாந்தான் வெட்டினேன்னு முடிவே பண்ணிட்டீங்க. இல்லீங்களாப்பா?"

வெள்ளையனுக்கு ஜீப்பைவிட அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது.

தடத்தை மண்ணோடு பெயர்த்து அட்டைப் பெட்டியில் வைத்தார்கள். அடுப்பிலிருந்து உருண்டையைக் கல்லோடு எடுத்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டார்கள். "பெரியவரே, நீங்க வரணும்" என்றார் தமிழ்செல்வன். "எரிச்சது தப்பு. எழுதிக் கையெழுத்து வாங்காம உட முடியாது. மேல என்ன சொல்றாங்கன்னு எனக்கே தெரியாது."

"எம்பையனுங்க?"

"தம்பி வேண்டாம். நீங்க மட்டும்."

அவ்வளவு போதும் என்று வெள்ளையன் நடந்தார். ரோட்டோரம் வந்ததும் விஜயகுமார் பின்னால் ஓடி வந்தான். தன் செருப்பைக் கழற்றி அப்பனுக்கு முன்னால் போட்டான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"போட்டுக்கங்க. ஆபீஸ் தரை சில்லுனு இருக்கும்."

"வேண்டாஞ்சாமி." வெள்ளையன் செருப்பை ஒதுக்கினார். "என் கால் தெரியட்டும். திரும்பி வரலீன்னா, எது வரைக்கும் போனான்னாவது உங்களுக்குத் தெரியும்."

"நானும் பின்னாலயே வண்டி எடுத்துட்டு வர்றேன்" என்றான் மகன்.

ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அண்ணனும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். வண்டி கிளம்பும்போது தூறல் ஆரம்பித்தது. முதல் வளைவு வருவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தார். கண்ணாயி ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். மகன் வண்டிச் சாவிக்காகச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். சுஜாதா மேட்டிலிருந்து காலி பாண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். காலில் அந்த ஷூ அப்படியே இருந்தது. கழற்ற மறந்துவிட்டாள், கேட்க வேண்டியவர்களும் மறந்துவிட்டார்கள்.

ரோட்டோரச் சேற்றில், ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் அவர் கடைசியாக மிதித்த இடத்தில், அவள் குனிந்து சட்டியைக் கவிழ்த்தாள். மேலே இரண்டு கல்லை எடுத்து வைத்தாள்.